பழவந்தாங்கல் ரெண்டு

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் சண்முகவடிவு மேடம் அந்த வேலையைக் கொடுத்தார். பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டு அது. அந்தப் பருவத்தில் திக்கிப் பேசுவதைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு பாடம் இருந்தது.

"புத்தகத்துல படிச்சது போதும். முன்பின் தெரியாத அஞ்சு பேர்கிட்ட போய் நீங்களே திக்கிப் பேசணும். அவங்க என்ன செஞ்சாங்க, உங்களுக்குள்ள என்ன ஆச்சு, ரெண்டையும் எழுதிட்டு வரணும். கேலியா செய்யக் கூடாது. யாராவது நேரா கேட்டுட்டா பொய் சொல்லக் கூடாது."

வகுப்பில் பாதிப்பேர் முகம் சுருங்கியது. சிந்துவுக்கு மட்டும் உற்சாகம். மயிலாப்பூர் தெற்கு மாடவீதிப் பெண். "இவ ஆத்துல இருந்தா டிவி போட வேண்டாம்" என்று அவள் அப்பா வெங்கடரமணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பள்ளிக்கூட நாடகங்களில் வாங்கிய கோப்பைகள் இன்னும் அலமாரியில் இருந்தன. நடிக்கத்தானே சொல்கிறார்கள்?

இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும், ஒருவர் பேச இன்னொருவர் குறிப்பெடுக்க. சிந்துவுக்கு ஜோடியாக வாய்த்தவன் சைதாப்பேட்டை மகேஷ். அவன் தன் ஐந்து பேரையும் வெள்ளிக்கிழமை மாலையே, கண்ணை மூடிக்கொண்டு கசாயம் குடிப்பதுபோல, முடித்துவிட்டிருந்தான்.

சனிக்கிழமை காலை, குளத்தங்கரைப் பூக்கடையில் சிந்து ஆரம்பித்தாள்.

"ம-ம-மல்லி. ர-ர-ரெண்டு மொழம்."

பூக்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாலா வாங்கிக்கோ கண்ணு, சாய்ங்காலம் வரிக்கும் வாடாது" என்று நாலு முழம் அளந்து கையில் வைத்துவிட்டாள்.

அடுத்தது ஆட்டோக்காரர். "டி-டி-டி.நகர்" என்றதும் அவர் மகேஷ் பக்கம் திரும்பி, "பாவம், காது கேக்காதா?" என்று விசாரித்தார். பாண்டி பஜார் வரும் வரை ஒவ்வொரு சிக்னலிலும் கைகளை ஆட்டி, "தோ! வந்துகினே கீது!" என்று கத்திக்கொண்டே வந்தார். மூன்றாவதாக அகப்பட்ட புடவைக்கடைக் காவலாளி, அவள் வாயைத் திறந்த மாத்திரத்தில் ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்துவிட்டார்.

"சும்மா கலக்கிக்கினு கீற, சிந்து. நாலாவது எங்க?" என்றான் மகேஷ்.

சிந்துவுக்கு லேசான ஏமாற்றம். 'உங்களுக்குள் என்ன ஆயிற்று?' என்ற பத்தியில் மூன்று தடவையும் 'ஒன்றும் ஆகவில்லை' என்றுதான் எழுத முடிந்தது.

பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு லேஸ், பட்டன் கடை. தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பட்டன் தைத்து, நம்பர் ஒட்டியிருந்தது. கல்லாவில் அவர்கள் வயதுப் பெண் ஒருத்தி, இளம்பச்சை ஹிஜாப் அணிந்து, தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ப-ப-பட்டன் வேணும். ந-ந-நீல கலர்" என்றாள் சிந்து.

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். நாற்காலி கொண்டுவரவில்லை, வார்த்தையை முடித்துக் கொடுக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை. கடைசி எழுத்து வரை கேட்டாள். பிறகு மூன்று பெட்டிகளை இழுத்து முன்னால் வைத்தாள்.

"குர்த்திக்கா?"

"ஆ-ஆ-ஆமா."

"எத்தன..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். உதடுகள் ஒட்டிக்கொண்டன. கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது. கண்கள் சிந்துவின் முகத்தைவிட்டுப் பெட்டிகளின் மேல் போய் விழுந்தன. சத்தமே வரவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று. பிறகு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். "எவ்ளோ வேணும்?"

நான்காம் பாடத்தில் படித்ததுதான். வராத வார்த்தையை விட்டுவிட்டு வருகிற வார்த்தைக்குத் தாவுவது. 'பட்டன்' என்று சொல்ல வந்திருக்கிறாள். பட்டன் கடைக்காரப் பெண்ணுக்குப் 'பட்டன்' வரவில்லை. சிந்துவுக்கு அடுத்து என்ன பேசுவது என்று உண்மையாகவே தெரியவில்லை.

"நீங்க திக்கறவங்க இல்லல்ல?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நான் போய் கரும்பு ஜூஸ் குட்ச்சிட்டு வந்துர்றேன்" என்று மகேஷ் நழுவினான்.

சிந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்: கல்லூரி, பாடம், ஐந்து பேர். "மன்னிச்சுடுங்க. உங்கள மாதிரி ஒருத்தர்கிட்டயே வந்து நிப்பேன்னு நான் யோசிக்கவே இல்ல."

அந்தப் பெண் பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். தள்ளுகிற வேகத்தில் கோபம் தெரிந்தது.

"எட்டாவதுல ஒரு பொண்ணு என்ன மாதிரியே ப... பேசிக் காட்டுவா. கிளாஸே சிரிக்கும். நீங்க ஆரம்பிச்சதும் அவ ஞாபகம்தான் வந்துச்சு."

சிந்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எல்லா வார்த்தையிலயும் சொல்லி வெச்ச மாதிரி மூணு தடவ. அதுவும் என் கண்ணயே பாத்துக்கிட்டு! எங்களுக்கு அது எப்ப வரும்னு தெ... தெரியாதுங்க. அதுதான் விஷயமே." அவள் முகம் கொஞ்சம் இளகியது. "எம் ப... பேரு..." இந்தத் தடவை இன்னும் நீளமான மௌனம். சிந்து மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள். "சிம்ரா. சொந்தப் பேருதான் ரொம்பக் கஷ்டம். அதுக்கு பதிலா வேற வார்த்த போட முடியாது பாருங்க."

இருவரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள்.

"நான் நாலாவதா? அப்ப இன்னும் ஒண்ணு இருக்கு. அதையாவது ஒழுங்கா செய்ங்க. நான் கூட வரேன்" என்றாள் சிம்ரா.

மதிய நேரத்து லுஹர் தொழுகைக்குப் போயிருந்த அவள் அப்பா குலாம் முகம்மது அப்போதுதான் படியேறினார். பருத்த உடம்பு, சிரித்த முகம்.

"அப்பா, நான் இவங்க கூட ஸ்..."

"ஸ்கூட்டர்லயா? ஹெல்மெட் இருக்கா?"

"ஸ்டே..."

"ஸ்டேஷனரி கடையா? நம்ம ஷரீஃப் கடைக்குப் போ, வேற எங்கயும் போகாத."

"ஸ்டேஷனுக்கு!"

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" என்றார் அவர், வாஞ்சையாக.

ரங்கநாதன் தெருவின் சனிக்கிழமைக் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷனை அடைந்தார்கள். டிக்கெட் கவுன்ட்டரில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

"பழவந்தாங்கல் ரெண்டு, அவ்ளோதான் கேக்கணும். 'ப'லயே நில்லுங்க. உதட்ட அழுத்தி மூடிக்கங்க. எண்ணாதீங்க, உங்களுக்கே பயம் வர்ற வரைக்கும் நில்லுங்க" என்றாள் சிம்ரா.

"ஏன் பழவந்தாங்கல்?"

"எங்க காலா, அம்மாவோட அக்கா, வீடு அங்கதான். அந்தப் ப... பேர நான் கவுன்ட்டர்ல முழுசா சொன்னதே இல்ல. இப்ப போன்லயே டிக்கெட் எடுக்கலாம், தப்பிச்சேன்."

சிந்துவின் முறை வந்தது. "எங்க?" என்றார் உள்ளே இருந்தவர், தலை நிமிராமல்.

சிந்து உதடுகளை அழுத்தி மூடினாள். முதல் நொடி நடிப்புதான். இரண்டாவது நொடியில் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பெருமூச்சு விடுவது கேட்டது. மூன்றாவது நொடியில் உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் காது மடல்கள் கொதித்தன. வாயைத் திறந்தால் போதும், வார்த்தை வந்துவிடும். ஆனால் அத்தனை கண்களுக்கு நடுவில் வாய் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டதுபோல் இருந்தது.

"இன்னாமா, வண்டி வந்துகினு கீது, சட்டுனு சொல்லு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ப..."

"பரங்கிமலையா?" என்றார் டிக்கெட் கொடுப்பவர். "எத்தன?"

சிந்து தலையாட்டினாள். இரண்டு விரலைக் காட்டினாள். பரங்கிமலைக்கு இரண்டு டிக்கெட் கைக்கு வந்தது. "தேங்க்ஸ்" என்றாள்.

வெளியே வந்ததும் அவளுக்கே திகைப்பாக இருந்தது. "நான் எதுக்குத் தலையாட்டினேன்?"

சிம்ரா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். "நான் மூணு தடவ பரங்கிமலையில எறங்கி, காலா வீட்டுக்கு நடந்தே போயிருக்கேன்! 'ஏன் இவ்ளோ வேர்க்குது'ன்னு கேப்பாங்க. வெயில்னு சொல்லிடுவேன்."

அதற்குள் தாம்பரம் வண்டி வந்து நின்றது. டிக்கெட்தான் கையில் இருக்கிறதே என்று இருவரும் மகளிர் பெட்டியில் ஏறிவிட்டார்கள். வண்டி நகர்ந்த பிறகு மகேஷ் போன் செய்தான்.

"எங்க கீற?"

"பரங்கிமலை போயிண்டிருக்கேன்."

"எதுக்கு?"

"தலையாட்டிட்டேன்டா, அதான். நீ அந்தக் கடையிலயே இரு."

கதவோரக் காற்றில் சிம்ரா நிறையப் பேசினாள். சின்ன வயதில் நாக்கில் தேய்த்த வசம்பு, வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்ன கூழாங்கல், பத்தே நாளில் சரியாகும் என்று விளம்பரம் செய்த ஒருவரிடம் போய் ஏமாந்த கதை. நடுநடுவே வார்த்தைகள் நின்றன. நின்றபோது சிந்துவும் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். இரண்டு தடவை நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"உங்க காலேஜ்ல இத சரி பண்ணிடுவீங்களா?" என்று சிம்ரா கேட்டாள்.

'கட்டாயம்' என்று சொல்லத்தான் சிந்துவுக்கு ஆசை. ஆனால் யோசித்துவிட்டுச் சொன்னாள். "சுத்தமா போயிடும்னு சொல்ல மாட்டேன். வார்த்தையோட மல்லுக்கட்டறது கொறையும். பயம் கொறையும். வேற வார்த்தைய தேடி ஓட வேண்டி இருக்காது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

சிம்ரா காற்றில் விலகிய ஹிஜாபைச் சரிசெய்துகொண்டாள். "பத்து நாள்னு நீங்க சொல்லியிருந்தா அடுத்த ஸ்டேஷன்லயே எறங்கியிருப்பேன்."

பரங்கிமலையில் இறங்கினார்கள். நேராக மாம்பலத்துக்குத் திரும்புவதாகத்தான் இருந்தது. ஆனால் படியிறங்கி கவுன்ட்டர் பக்கம் வந்ததும் சிம்ரா நின்றாள்.

"காலா வீட்ல டீ குடிச்சுட்டுப் போலாமா? ஒரு ஸ்டேஷன்தான்."

"போன்ல எடுக்கட்டா?"

"வேணாம். நீங்க எனக்குப் ப... பின்னாடி நில்லுங்க. போதும்."

வரிசையில் ஆறு பேர். சிம்ரா துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே முன்னேறினாள். முறை வந்தது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. சிந்துவுக்குப் பின்னால் நின்ற மனிதர் எட்டிப் பார்த்து வாயைத் திறந்தார்.

சிந்து அவர் பக்கம் திரும்பினாள். "அவங்களே சொல்லுவாங்க சார். கொஞ்சம் இருங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். கவுன்ட்டரில் இருந்த அம்மாளும் ஏனோ பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ப... ப... பழவந்தாங்கல்" என்றாள் சிம்ரா. மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரெண்டு."

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! படியெல்லாம் இரண்டிரண்டாகத் தாவினாள். காலா வீட்டில் டீயும் சமோசாவும் கிடைத்தன. இன்றைக்கு ஏன் வேர்க்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் கடைக்குத் திரும்பியபோது, மகேஷ் கல்லாவுக்கு உள்ளே உட்கார்ந்து குலாம் முகம்மதுவுக்கு ஜிப்புகளை நீளவாரியாக அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை சிந்து தன் அறிக்கையை வாசித்தாள். ஐந்தாவது ஆளுக்கு நேராக அவள் எழுதியிருந்தது இதுதான்: 'கேட்க நினைத்தது பழவந்தாங்கல். கிடைத்தது பரங்கிமலை. தலையாட்டியது நான். வேண்டாததை வாங்கிக்கொண்டு நன்றியும் சொன்னேன்.' சண்முகவடிவு மேடம் அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். இருபதுக்குப் பதினாறு போட்டார்.

"முதல் மூணும் நாடகம். அதுக்குத்தான் நாலு மார்க் போச்சு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, யாரும் அழைக்காமலே, சிம்ரா கல்லூரிச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்து பெயரைப் பதிந்துகொண்டாள். சிந்து ஆசையாகக் கை தூக்கினாள். சிநேகிதியை நோயாளியாக எடுக்கக் கூடாது என்று மேடம் மறுத்துவிட்டு, தன் மேற்பார்வையில் மகேஷிடம் ஒப்படைத்தார்.

"எனக்கு பயமா கீது சிந்து. தப்பு பண்ணா அந்தப் பொண்ணு கண்டுபுட்ச்சிரும்" என்றான் அவன். அவன் பயந்தது சரிதான். முதல் நாள் முடிந்து வெளியே வந்த சிம்ரா, "நல்லவருதான். ஆனா ரொம்ப வேகமாப் ப... பேசறாரு. நான்தான் அவர மெதுவாக்கணும் போல" என்றாள். அதையும் செய்தாள். இரண்டு மாதத்தில் மகேஷ் வகுப்பில் நிறுத்தி நிதானமாகப் பேச ஆரம்பித்திருந்தான். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள்.

ஆவணியில் கல்யாண வியாபாரம் சூடுபிடித்தபோது சிந்து ஒரு நாள் கடைக்குப் போனாள். கூட்டம் நெரிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்குச் சிம்ரா லேஸ் காட்டிக்கொண்டிருந்தாள். எது சாயம் போகும், எது போகாது, எதை உள்பக்கம் மடித்துத் தைக்க வேண்டும் என்று நீளமாகச் சொன்னாள். வார்த்தைகள் நிற்கத்தான் செய்தன. நின்றால் நின்றது, அவள் வாங்குகிறவர்களின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர்களும் காத்திருந்து கேட்டார்கள்.

குலாம் முகம்மது ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். நடுவில் பேசாமலிருக்க அவரே கண்டுபிடித்த வழி அது. சிந்துவைக் கண்டதும் ஏலக்காயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ரகசியமாகக் குனிந்தார்.

"ஏம்மா, இவ இவ்ளோ பேசுவாளா?"

"முடிக்க விட்டா பேசுவா அங்கிள்."

"நேத்து என்கிட்ட அர மணி நேரம் சண்ட போட்டா. ஒரு வார்த்த விடல!" என்றார் அவர். முகமெல்லாம் பல்லாக இருந்தது.