ஏழாவது கேள்விக்கான பதில்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறு பெருமையான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன், கிடைக்கவில்லை.

என் அக்கா கோளரங்கத்தில் வழிகாட்டி. அங்கே நுழைந்ததும் இருபத்தைந்து கேள்வி பதில்களோடு ஒரு பலகை இருக்கும். நிலா ஏன் தேய்கிறது, வியாழன் மேல் நிற்க முடியுமா, புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து ஏன் எடுத்தார்கள், இப்படி. யார் என்ன கேட்டாலும் பலகையில் உள்ளதைத்தான் வழிகாட்டிகள் சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ கூடாது என்பது அங்கே விதி.

ஏழாவது கேள்வி: கோடையில் ஏன் வெயில் அதிகம்? பதில்: அப்போது பூமி சூரியனுக்கு அருகில் வருகிறது.

தப்பு. சுத்தத் தப்பு.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "எல்லையற்ற பிரபஞ்சத்தின் இருளில் ஒரு..." (அடித்துவிட்டேன். ஒரு பலகைக்கு எதற்குப் பிரபஞ்சம்?)

இரண்டாவது: "கோளரங்க மேலாளர் ஒரு வடிகட்டின முட்டாள். அவர்..." (அடிக்க மனமில்லை. இருக்கட்டும்.)

மூன்றாவது: போன செவ்வாய்க்கிழமை, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த பஸ் டிரைவர் பலகையைப் படித்துவிட்டு அக்காவிடம் வந்தார்.

"ஏம்மா, இங்க வெயில் கொளுத்துறப்ப, பூமிக்குத் தெக்குப் பக்கம் இருக்கிற என் மச்சான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு போன்ல பேசுறான். பூமியே சூரியன்கிட்ட போச்சுன்னா அவனுக்கும்தானே சுடணும்?"

அக்கா பலகையைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள்.

"நீங்க கேக்குறதுதாங்க சரி. போர்டுதான் தப்பு."

பூமி சாய்ந்தபடி சுற்றுகிறது, சூரியன் பக்கம் சாய்ந்த பாதிக்குக் கோடை, மறுபாதிக்குக் குளிர், பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரியில் என்று விளக்கினாள். அதோடு விட்டாளா? சரியான பதிலை வெள்ளைத் தாளில் எழுதிப் பலகை மேல் ஒட்டிவிட்டாள்.

மறுநாளே சஸ்பெண்ட். குற்றம், பலகையைச் சேதப்படுத்தியது. "பசை தடவியிருக்காங்க சார்," என்று மேலாளர் நிர்வாகக் கமிட்டிக்குப் புகார் கொடுத்திருக்கிறார். பதில் சரியா தப்பா என்று ஒரு ஜென்மமும் கேட்கவில்லை. வயிறு எரிகிறது.

3.

மேலாளரை இன்னும் மட்டமாகக் காட்ட அவருக்கு ஒரு தொப்பை வைத்தேன். போதவில்லை, ஒரு அசட்டுச் சிரிப்பும் வைத்தேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு காட்டம்? பலகையை எழுதியது அவர் இல்லையே.

(சரி. எழுதியது நான். பன்னிரண்டு வருடம் முன்பு, பெயர் போடாமல், ஒரே மதியத்தில் இருபத்தைந்தையும் எழுதித் தள்ளினேன். அடுப்புப் பக்கத்தில் நின்றால் சுடும், அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. இரண்டு வருடம் முன்பே அக்கா, "ஏழாவது தப்புடா, திருத்திக் குடு," என்றாள். "அதையெல்லாம் யாருக்கா நின்னு படிக்கிறாங்க," என்றேன்.

இப்போது கோளரங்கத்துக்குப் புதுக் கேள்வி பதில் புத்தகம் எழுதும் வேலை என்னிடம்தான். பலகையை எழுதியவனே தப்பை எழுத்தில் ஒத்துக்கொண்டால் அக்காவை விட்டுவிடுவார்கள் என்று அக்காவின் ஊழியர் சங்கத்துக்காரர் சொல்கிறார். ஒத்துக்கொண்டால் புத்தகம் என் கையை விட்டுப் போகும். எழுதியது யார் என்று கமிட்டி இருமுறை கேட்டும் அக்கா வாய் திறக்கவில்லை.)

4.

முடிவு அ: தம்பி கடிதத்தோடு ஓடி வருகிறான். மேலாளர் தலைகுனிகிறார். (சினிமா.)

முடிவு ஆ: அக்கா மன்னிப்புக் கேட்டு, ஏழாவது பதிலைப் பலகையில் உள்ளபடியே... (முடியவில்லை. பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டேன்.)

இதற்குள் அக்காவின் போன்.

"லெட்டர் எழுதிட்டியா?"

"கதையா எழுதிக்கிட்டு இருக்கேன்க்கா. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்."

"கதையில ஒத்துக்கிட்டா ஆச்சா? அதைக் கமிட்டிக்கு யாருடா படிச்சுக் காட்டுறது? உனக்கு வெக்கமாவே இல்லையா?"

வைத்துவிட்டாள்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், என்னை நல்லவனாக்கி மட்டும் முடிக்காதீர்கள். கமிட்டி முன்னால் அக்காவின் விசாரணை பத்து மணிக்கு. இப்போது ஒன்பது இருபது. இங்கிருந்து அரை மணி நேரப் பயணம். கடிதத்துக்கு நாலு வரி போதும்.

நான் இந்தப் பத்தியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.