தை மாதத்திலிருந்து வாடகை

அம்மாவின் முதல் வருஷ சிராத்தம் முடிந்து, சாப்பிட்ட இலைகளைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் வீட்டுக்கு என்ன வாடகை போடலாம் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. மோர்ப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சீதாலக்ஷ்மி கேட்டுக்கொண்டு நின்றாள். விடிகாலை மூன்றரை மணிக்கு ஈரப் புடவையோடு அடுப்படிக்குள் நுழைந்தவள் அவள். பிரண்டைத் துவையலிலிருந்து எள்ளுருண்டை வரை எல்லாம் அவள் கைதான். அண்ணா ராமசுப்ரமணியன் அடிவயிற்றிலிருந்து ஓர் ஏப்பத்தை வரவழைத்து விட்டுவிட்டு, "அப்பாடா, அம்மா திருப்தியாப் போயிருப்பா" என்றார். தம்பி சுமந்த் ஒரு கன்னத்தில் எள்ளுருண்டையை ஒதுக்கிக்கொண்டு இடது கையால் போனைத் தேய்த்தான்.

"வலியசாலை, அக்ரஹார வீடு, ரெண்டு பெட்ரூம். பதினெட்டாயிரம் காணிக்கறது அண்ணா."

"அத்தனை கிட்டுமோ?"

"கிட்டும். பிராமின்ஸ் ஒன்லின்னு போட்டா கொஞ்சம் குறையும். போடலேன்னா இருபது."

"போடலேன்னா பக்கத்தாத்துல சண்டைக்கு வருவாளேடா."

"இருபதுன்னா அவாளும் மாறிடுவா, விடு."

சீதாலக்ஷ்மிக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. அம்மா படுத்திருந்த பின்னறையும் அதையொட்டிய கூடமும் ஒரு வருஷமாகச் சும்மாதான் கிடக்கின்றன. யாராவது ஓர் ஆசிரியையோ நர்ஸோ வந்து இருந்தால் தனக்கும் பேச்சுத்துணை ஆகும் என்று அவளே நினைத்ததுண்டு. மோரை ஊற்றியபடி, "யாராவது பார்த்து வெச்சிருக்கேளா?" என்று கேட்டாள்.

சுமந்த் நிமிர்ந்து பார்த்தான். அவன் மனைவி சுப்ரியா அவனைப் பார்த்தாள். அண்ணா மட்டும் இலையில் மிச்சமிருந்த பாயசத்தை விரலால் வழித்தார்.

"என்னக்கா இது," என்றான் சுமந்த். "நீதானே இங்கே தாமசிக்கறே?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது, சாய்த்த மோர்ப் பாத்திரத்தை நிமிர்த்திக்கொண்டாள். காலையிலிருந்து அவள் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. இங்கே குடியிருக்கும் தன்னிடம் வாங்கப்போகும் வாடகையைத்தான் இவர்கள் தன் சமையலைத் தின்றுகொண்டே நிச்சயம் செய்கிறார்கள்.

சீதாலக்ஷ்மிக்கு வயது ஐம்பத்தொன்பது. இருபத்தாறு வயதில் கணவன் போனான். பதின்மூன்றாம் நாள் மாமியார் ஒரு தகரப் பெட்டியை வாசலில் வைத்து, "எம் பிள்ளையை முழுங்கினவளுக்கு இங்கே சோறு கிடையாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அன்று இந்த வீட்டுக்கு வந்தவள்தான். தெருமுனையில் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதுகிற ஆபீஸில் டைப் அடிக்கச் சேர்ந்தாள். முப்பது வருஷமாகக் கிரயம், பாகம், வாடகைச் சீட்டு என்று ஊரார் வீடுகளையெல்லாம் மலையாளத்தில் தட்டித் தட்டி விரல் காய்த்துப்போனவள். இன்றைக்கும் சம்பளம் ஒன்பதாயிரம்தான். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒன்பது வருஷம், காலையில் துடைத்துப் புரட்டிப் போட்டுவிட்டு ஆபீஸ் போவாள், மத்தியானம் ஓடிவந்து ஊட்டுவாள், மறுபடி ஓடுவாள். அந்த ஒன்பது வருஷத்தில் சென்னையிலிருந்து அண்ணா நாலு தடவை வந்தார். பெங்களூரிலிருந்து சுமந்த் வந்த தடவைகளைவிட அனுப்பிய குட்மார்னிங் படங்கள் அதிகம்.

இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் கணக்குப் போட்டார்கள்.

"பதினெட்டுல அக்காவோட மூணுல ஒரு பாகம் ஆறு போச்சு. பாக்கி பன்னிரண்டு," என்றான் சுமந்த். "நம்ம ஆளாச்சேன்னு ஒரு ஆயிரம் குறைக்கலாம். பதினொண்ணு. நியாயமில்லையா அண்ணா?"

"நியாயந்தான். பாத்ரூம் வெளியில இருக்கே, அதுக்கு ஏதாவது..."

"அதுக்கும் அம்மா ரூமுக்கும் சரியாப் போச்சு," என்று சுப்ரியா குறுக்கே வந்தாள். நாக்கில் தேன் தடவின குரல் அவளுக்கு. "அந்த ரூம்ல இன்னும் டெட்டால் வாடை இருக்கு அக்கா. ஒரு கோட் பெயின்ட் அடிச்சாப் போயிடும். ஃப்யூச்சர்ல வேல்யூ கூடும்."

அம்மாவின் முதுகில் புண் வந்தபோது ஒரு நாளைக்கு மூன்று தடவை டெட்டால் விட்டுத் தரையைத் துடைத்தது சீதாலக்ஷ்மி. அந்த வாடைக்கும் விலை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் சுப்ரியாவின் வாயையே பார்த்தாள். உதட்டோரம் ஒரு எள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

"என் சம்பளம் ஒம்பதாயிரம்," என்றாள்.

"அதாக்கும் நானும் சொன்னேன். அக்காவைக் கஷ்டப்படுத்தப் பிடாதுன்னு," என்றாள் சுப்ரியா. "முடியலேன்னா சொல்லுங்கோ. ஜிஷான்னு ஒரு புரோக்கர் சேச்சி உண்டு, சாலை மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு ஒத்தை ரூம் நோக்கி வெச்சிருக்கா. நாலாயிரம்தான்."

அதாவது எல்லாம் முன்கூட்டியே பார்த்தாகிவிட்டது. பதினொன்று என்பது அவள் கொடுப்பதற்கான தொகை அல்ல, அவள் கிளம்புவதற்கான தொகை. நாற்பது லட்சமோ ஐம்பது லட்சமோ தந்து வீட்டை வாங்க யாரோ வந்திருக்க வேண்டும். வெளியே போ என்று சொல்ல இவர்களுக்கு வாய் வரவில்லை. மாமியாருக்காவது அதை முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் இருந்தது.

சுமந்த் பையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்து, எச்சில் இலைக்குப் பக்கத்திலேயே வைத்தான். பெங்களூரில் போன வாரமே அடித்துக் கொண்டுவந்தது, தொகைக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அண்ணாவும் அவனும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

"ஒரு ஃபார்மாலிட்டி அக்கா. அம்மா போன தையிலேர்ந்து போட்டிருக்கு. அதுவரைக்கும் அம்மா வீடு, நாங்க ஒண்ணும் சொல்லலே. அதுக்கப்புறம் மூணு பேர் வீடு அல்லே? பாக்கியை மெள்ளத் தந்தாப் போரும்."

"போன தையிலேர்ந்தா?"

"ரெகார்டுக்கு க்ளீனா இருக்கணுமே."

சீதாலக்ஷ்மி மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு தாளை எடுத்து, ஆபீஸில் படிப்பதுபோல மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் படித்தாள். சொத்து விவரம், நான்கு எல்லை, மாத வாடகைக்கு விட்ட இடம், தொடக்கத் தேதி. தை மாதத் தேதியில் அவள் விரல் நின்றது.

காலையில் நடந்த ஒன்று அப்போது அவள் ஞாபகத்துக்கு வந்தது. சங்கல்பத்துக்கு முன்னால் பஞ்சாபகேச சாஸ்திரிகள் அண்ணாவிடம், "பூமி சொந்தந்தானே?" என்று கேட்டார். இந்தத் தெருவில் பாதி வீடு கைமாறிவிட்டதால் அவர் இப்போதெல்லாம் எல்லோரிடமும் கேட்கிறார். அடுத்தவர் இடத்தில் சிராத்தம் செய்தால் அந்த இடத்துக்காரருக்கு முதலில் வாடகை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் இடத்துக்காரருடைய பித்ருக்கள் வந்து அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். போன வாரம் மகளின் ஃப்ளாட்டில் சிராத்தம் செய்த ஒருவரை, மாப்பிள்ளை கையில் பதினோரு ரூபாய் வைத்த பிறகுதான் தர்ப்பையைத் தொடவே விட்டாராம். அண்ணா அதைக் கேட்டு, "சொந்தம், சொந்தம், நாங்க பொறந்த வீடு" என்று மார்பைத் தட்டிக்கொண்டார். சாஸ்திர விஷயத்தில் அண்ணா ஒரு புள்ளி தவறமாட்டார். காக்கை இறகு மேலே பட்டால் மறுபடி குளிக்கிற மனுஷன்.

"பேனா தா," என்றாள் சீதாலக்ஷ்மி.

சுமந்துக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அக்கா இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் நிதானமாக, தெளிவாக, வாடகைக்காரி என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டாள். பிறகு வாசல் அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"சாஸ்திரிகளே, தூங்கறேளா? ஒரு சந்தேகம். இப்படிக் கொஞ்சம் வர முடியுமா?"

வெயில் தாழட்டும் என்று துண்டை விரித்துப் படுத்திருந்த பஞ்சாபகேச சாஸ்திரிகள், குடுமியை முடிந்துகொண்டே உள்ளே வந்தார்.

"ஒரு வீட்டை வாடகைக்கு விட்டாச்சுன்னா, அந்தக் காலத்துக்கு அந்த பூமி யாரோடது? சொந்தக்காராளோடதா, வாடகைக்கு இருக்கறவாளோடதா?"

"இதென்ன கேள்வி? வாடகைக்கு இருக்கறவாளோடது. அவா அனுபவம்தானே."

"வாடகை பாக்கி நின்னா?"

"பாக்கி நின்னா அது அவா வழக்கு. பூமி அவாளோடதுதான்."

"அப்போ இதைப் பாருங்கோ. போன தையிலேர்ந்து நான் இங்கே வாடகைக்காரியாம். அண்ணாவும் தம்பியும் போன வாரமே ஒப்பு வெச்சிருக்கா. இன்னைக்குக் காலம்பற சிராத்தம் யாரோட பூமியில நடந்தது?"

சாஸ்திரிகள் தாளை வாங்கி எட்டத்தில் பிடித்துப் படித்தார். அப்புறம் அண்ணாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட, சாக்கடையில் கால் வைத்துவிட்டவனின் முகச்சுளிப்புதான் அதிகம் இருந்தது.

"ஏன் ஓய் ராமசுப்ரமணியன், காலம்பற நான் கேட்டேனே! சொந்த பூமின்னு சொன்னேளே!"

"சொந்தந்தானே... கூடப் பொறந்தவதானே..." அண்ணாவுக்கு நாக்கு குழறியது. "அவ பித்ருக்களும் எங்க பித்ருக்களும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? கல்யாணமானவ. அவ கோத்திரம் வேற. அவ பூமின்னா, அவ புருஷனாத்துப் பித்ருக்கள்தான் வருவா. மாமனார் இருக்காரா?"

"இல்லே. மாமியாரும் போயாச்சு, பத்து வருஷம்," என்றாள் சீதாலக்ஷ்மி.

அந்த மாமியாரின் பேரைக் கேட்டாலே அம்மா கை நெட்டி முறித்துச் சபிப்பாள். ஒரு கல்யாணத்தில் எதிரே வந்தபோது, அவள் நடந்த இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சுற்றிக்கொண்டு போனவள் அம்மா. இத்தனை எள்ளும் வடையும் அதிரசமும் அந்தக் கிழவிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அம்மா இன்றைக்குப் பட்டினி. அண்ணாவின் முகம் வெளிறிப் போயிற்று. ஏப்பம் விட்ட வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு டெக்னிகாலிட்டி," என்றான் சுமந்த். "தேதியை மாத்திடலாம். நாளையிலேர்ந்து வாடகைன்னு."

"காலம்பற சிராத்தம் பண்ணச்சே மனசுல என்ன இருந்தது? அதைச் சொல்லும்," என்றார் சாஸ்திரிகள்.

"நாளைக்கு மறுபடி பண்ணினா?" என்று கேட்டாள் சுப்ரியா. உடனே தானே, "இன்னைக்கே இருபத்திரண்டாயிரம் ஆச்சு," என்று முடித்துக்கொண்டாள்.

அண்ணா எழுந்தார். எச்சில் கையோடேயே தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். "வாடகையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சீதா, நீ இங்கேயே இரு. உன் காலம் வரைக்கும் இரு. நான் இருக்கற வரைக்கும் எவனும் கேக்க மாட்டான். சுமந்த், நீயும் சொல்லுடா!"

"செரி, செரி," என்றான் சுமந்த் எங்கோ பார்த்துக்கொண்டு.

சீதாலக்ஷ்மிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்பது வருஷம் பீயும் மூத்திரமும் அள்ளியதற்குக் கிடைக்காத இடம், செத்துப்போன ஒரு கிழவி சாப்பாட்டைத் தின்றுவிட்டாள் என்ற பயத்தில் அரை நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. இவர்களுக்காகவா இன்று மூன்றரை மணிக்கு எழுந்து தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பேப்பர் கிழிஞ்சது நல்லதாச்சு," என்றாள். "நான் இங்கேதான் இருப்பேன். காசு கிடையாது. நாலு பேர் முன்னாடி சொல்லியாச்சு, சாஸ்திரிகள் சாட்சி."

"ஆமாம் ஆமாம். அப்போ காலம்பறத்தது?" அண்ணா சாஸ்திரிகளிடம் கெஞ்சினார். "வழி ஒண்ணு சொல்லுங்கோ."

"இப்பவாவது பூமி வாடகையைக் கேட்டு, அவ கையில குடுத்து, சம்மதமான்னு கேளுங்கோ. அவ மனசார வாங்கிண்டா அம்மாவுக்குப் போய்ச் சேரும். தொகையை அவதான் சொல்லணும்."

மூன்று பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அவளிடம் ஒரு தொகையை யாரும் கேட்டதில்லை. மாத்திரைக்கு என்ன ஆயிற்று, டயபருக்கு என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்டதில்லை.

"எனக்கு வாடகை வேண்டாம்," என்றாள்.

"அப்போ அம்மாவுக்கு..."

"வாங்கினாத்தானே போய்ச் சேரும்? நான் வாங்கல்லே. எங்க மாமியாருக்கு நான் ஒரு வேளை சோறு போட்டதில்லே, இன்னைக்கு உங்க செலவுல போட்டாச்சு." அவள் மோர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "அம்மாவைப் பத்திப் பேசாண்டாம். நீங்க வருஷத்துக்கு ஒரு நாள் போடற இலைக்கு அவ காத்திண்டிருக்க மாட்டா. ஒம்பது வருஷம் என் கையால சாப்பிட்டவ அவ."

அடுப்படிக்குள் போனாள். அலமாரியின் மேல்தட்டில் அம்மாவின் எவர்சில்வர் தட்டு, ஒரு வருஷமாகக் கவிழ்த்தபடி இருந்தது. அதை எடுத்துக் கழுவினாள். சோற்றைப் போட்டு, மோர் விட்டு, பல் இல்லாதவளுக்குப் பிசைவதுபோல மசியப் பிசைந்தாள். தரையில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தபோதுதான் கண்ணில் நீர் வந்தது.

கூடத்திலிருந்து அண்ணாவின் குரல் கேட்டது.

"சீதா... நூத்தியொண்ணு?"

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"ஐநூத்தியொண்ணு? சரி, ஆயிரத்தொண்ணு! இதோ வெக்கறேன் பார், எடுத்துக்கோடி!"

"என்ன அண்ணா நீ," என்று சுமந்த் குரலைத் தாழ்த்திச் சொன்னது அடுப்படி வரைக்கும் நன்றாகவே கேட்டது. "ஒரு காலம்பறைக்கு ஆயிரமா? மடத்துல ஹாலே எழுநூறுதான். ஐநூறுல நில்லு."

சீதாலக்ஷ்மி இடது கையை நீட்டி அடுப்படிக் கதவைச் சாத்தினாள். அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.