செலவைக் குறைக்கும் அணி

மாணிக்கராஜ் அண்ணாச்சியைச் சபையார் முன்னால் நாறடிக்காமல் விடுவதில்லை என்று நான் கறுவிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த மனுஷன் உருப்படக் கூடாது என்று ஜெபமே பண்ணியிருக்கிறேன். குருவானவர் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

அவர் எங்கள் வட்டாரத்து முதியோர் கல்வி அதிகாரி. நான் அவருக்குக் கீழே இளையரசனேந்தலில் ஒரு மையம் நடத்தினேன். காட்டு வேலை முடித்து, ஆட்டை அடைத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் பெண்கள் வந்து உட்காருவார்கள். ஆடு மேய்க்கிற இசக்கித்தாய் பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரைத் தானே வாசித்து ஏறிப் போனதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எண்பதாம் வருஷம் டெல்லி பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, செலவைக் குறைக்க வேண்டும் என்றார்கள். யார் யார் தலையிலோ கட்டப் பார்த்து, கடைசியில் அது எங்கள் தலையில் வந்து விடிந்தது. இரண்டு மையங்களில் ஒன்றை மூட வேண்டும். ஒன்று என்னுடையது. மற்றது அண்ணாச்சியின் கொழுந்தியாள் நடத்தியது. வெகுநாள் காய்ந்து கிடந்து முதல் மழை பெய்த மறுநாள் பார்த்து ஜீப்பைப் போட்டுக்கொண்டு என் மையத்துக்கு வந்தார். எல்லாரும் விதைப்புக்குப் போய், பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. காட்டு வேலைக்குப் போக முடியாத இரண்டு கிழவிகள்தான் இருந்தார்கள். ஆளே வருவதில்லை என்று எழுதி மூடிவிட்டார். அவரும் ராயகிரியில் காடு உழுகிற சம்சாரி வீட்டில் பிறந்தவர்தான். முதல் மழைக்கு மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு எவள் சிலேட்டைத் தூக்குவாள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் வந்தார், பாவி.

இரண்டு வருஷம் கழித்துச் சங்கரன்கோவிலில், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு முந்தின சாயங்காலம், எங்கள் வேதக்கோயில் வளாகத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். துண்டு விழும் பட்ஜெட்டைச் சரிக்கட்டச் செலவைக் குறைப்பதா, வரவைக் கூட்டுவதா என்பது தலைப்பு. நடுவர் மாணிக்கராஜ் அண்ணாச்சி. செலவைக் குறைக்கும் அணியில் பேசுகிறேன் என்று நானே போய்ப் பெயர் கொடுத்தேன். என் வாயாலேயே அவர் செய்ததை நியாயப்படுத்தப் போகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. முகமெல்லாம் பல்லாகப் போய்விட்டது.

மேடை ஏறுவதற்கு முன் என்னைத் தனியே கூப்பிட்டார். புதிதாக இரண்டு மையம் திறக்க உத்தரவு வந்திருப்பது எனக்கும் தெரியும். எதை எங்கே திறப்பது என்பது அவர் பரிந்துரையில் இருந்தது.

“பாத்துப் பேசும்மா. எளையரசனேந்தலுக்குத் திரும்ப ஒம் பேரத்தான் எழுதி வச்சிருக்கேன். திங்கக்கெழம அனுப்பிருவேன்” என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் மனசு அப்போது இளகிவிட்டது. இசக்கித்தாய் வேறு நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெண்களுக்காகவாவது வாயைக் கட்டிக்கொண்டு, ஊர் வழக்கப்படி நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்குவோம் என்றுதான் ஏறினேன்.

மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். நடுவர் உரையில், சிக்கனம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். தானே ஒரு வெட்டி மையத்தை மூடி நாட்டுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

என் முறை வந்தது. வீட்டில் பணம் பற்றாவிட்டால் பிள்ளை குடிக்கிற கஞ்சியில் கை வைப்பீர்களா, அப்பன் ஆடுகிற சீட்டாட்டத்தில் கை வைப்பீர்களா என்று சனங்களைக் கேட்டேன். சீட்டாட்டத்தில் என்று பெண்கள் பக்கமிருந்து சத்தம் வந்தது. நம் சர்க்கார் கஞ்சியில்தான் கை வைக்கிறது என்றேன். சாக்குக்கட்டியை நிறுத்தினார்கள், விளக்குக்கு மண்ணெண்ணெயை நிறுத்தினார்கள். அதை நிறுத்த வந்த ஜீப்பை நிறுத்தினார்களா? அது நாளைக்கு அசனத்துக்குப் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு வரும், பாருங்கள் என்றேன். அதிகாரிக்குப் பயணப்படி, அவர் பையைத் தூக்க ஒரு ஆள், கொழுந்தியாளுக்கு ஒரு மையம் என்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். பந்தல் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். மழைக்கு மறுநாள் தலையெண்ணியதையும் விடவில்லை. அண்ணாச்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துபோயிற்று. செலவை வெட்டு, வெட்டு என்று தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எதிரணியில் கடைசியாகப் பேசிய பிரபுதாஸ் பணக்காரர்களிடம் வரியைக் கூட்ட வேண்டும் என்று நியாயமாகத்தான் பேசினான். அவன் பேச்சை யாரும் கவனிக்கவில்லை.

அண்ணாச்சி தீர்ப்புச் சொல்ல எழுந்தார். கோபப்படுவார், தடுமாறுவார், அதையும் கண்குளிரப் பார்க்கலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சிரித்த முகமாக மைக்கைப் பிடித்தார்.

“சகோதரி கனகமணி சொன்னது நூத்துக்கு நூறு சரி. செலவைக் குறைக்கும் அணிக்கே வெற்றி. எளையரசனேந்தலுக்குப் புதுசா ஒரு சென்டர் வேணும்னு நான் எழுதி வச்சிருந்தேன். வெட்டு வெட்டுன்னு அவங்களே நமக்குப் புத்தி சொல்லிட்டாங்க. அதனால அந்தச் செலவு அங்கன வேண்டாம்னு திங்கக்கெழம எழுதிருதேன்.”

சனங்கள் அதற்கும் கை தட்டினார்கள். சொன்னது இன்னதென்று காதில் வாங்காமல் சிரித்த வாயோடேயே தட்டினார்கள். பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை அவர் கையாலேயே கொடுத்தார். அந்த வாளியாலேயே அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்று கை துறுதுறுத்தது. போட்டோ எடுத்தார்கள். நின்றேன்.

கீழே இறங்கியதும் இசக்கித்தாய் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் விழுந்து விழுந்து கை தட்டியவள்தான்.

“அவர வெளுத்து வாங்கிட்டீய டீச்சர். ஜெயிச்சது நீங்கதான?”

“ஆமா” என்றேன்.

“அப்ப நமக்குப் பள்ளிக்கூடம் எப்பத் தெறப்பாவ?”

கூட வந்த பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.