மணிக்கட்டு துள்ளாத பிடி

“பந்து சும்மாதானே நிக்குது, நீ ஏம்ப்பா பயப்படுற?” மகள் சின்ன வயதில் கேட்ட கேள்வி மரியசெல்வத்துக்கு இன்றும் பொருந்தியது. கோல்ஃப் பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டும்போதெல்லாம் அவர் மணிக்கட்டு துள்ளிவிடும். சலித்துப்போனவர், ஆட்டத்தையே விடுமுன் கடைசியாக மஞ்சக்குப்பத்தில் தைரியராஜின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் அப்படித் தட்டுவதற்கான ‘பட்டர்’ மட்டையோடு போனார்.

“பிடி ரொம்ப சன்னம் மாமா, அதான் கை இறுக்குது. எலிவாலப் புடிச்ச மாரி புடிச்சா பந்து எங்க போவும்?”

தைரியராஜ் வீங்கிய விரல்களால் துணி நாடா சுற்றி, மேலே கிரிக்கெட் மட்டை ரப்பரை ஏற்றினார். மரியசெல்வம் தட்டிப் பார்க்க, கடைத்தரையில் பந்து கோணாமல் ஓடியது, மணிக்கட்டு அசையவில்லை. கூலி எவ்வளவு என்றதற்கு, “போங்க மாமா” என்று சிரித்துவிட்டு, தைரியராஜ் சன்னமான கைப்பிடிக் கம்பியைப் பற்றி, வலியில் பல்லைக் கடித்து ஷட்டரை இறக்கினார்.

மறுநாள் விடியற்காலைப் பூசைக்குப் போகும் வழியில், ஆளில்லாத தெருவில் நின்று, மரியசெல்வம் அந்தக் கடை ஷட்டரின் கைப்பிடிக் கம்பியில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ரப்பரைத் தடிமனாகச் சுற்றிக் கட்டினார்.