மாமனாரின் மரக்கரண்டி

டொக்கென்று ஒரு சத்தம். ஏழு வயது ஃபேன்யாவின் நெற்றியில் அவள் தாத்தாவின் மரக்கரண்டி விழுந்த சத்தம் அது.

"பெரியவன் கை வைக்கறதுக்கு முன்னாடி சட்டியில கரண்டிய விடுவியா? உங்கம்மா இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்றார் சவேலி கிழவர்.

பிள்ளை அழவில்லை. அழுதால் இன்னொன்று விழும் என்று அதற்குத் தெரியும். அதன் அம்மா உஸ்தின்யாவுக்குத்தான் பொறுக்கவில்லை. என்ன செய்ய? மேஜை நடுவில் ஒரே சட்டி, சுற்றிலும் மூன்று கரண்டி. மாமனார் மொண்டு குடித்த பிறகுதான் மற்றவர்கள். அடியில் கிடக்கும் இறைச்சித் துண்டையோ, அவர் சட்டி விளிம்பில் தட்டின பிறகுதான் தொடலாம். கிராமத்தில் அவருடைய அப்பா அப்படித் தட்டினாராம். ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதுக்குப் பிழைக்க வந்தபோது கிழவர் நிலத்தை விட்டார், மாட்டை விட்டார், அந்தக் கரண்டியை மட்டும் விடவில்லை.

"ரொட்டி எங்க?"

"கிடைக்கல மாமா. எம் முறை வரும்போது கடைக்காரன் கதவைச் சாத்திட்டான்."

"முன்னாடியே போய் நின்னிருக்கணும்."

"விடியறதுக்கு முன்னாடியே நின்னேன்."

"அதுக்கும் முன்னாடி போறது! எம் மகன் போர்முனையில குண்டுக்கு நடுவுல நிக்கிறான். மகாராணிக்கு வரிசையில நிக்கக் கால் வலிக்குதாக்கும்!"

கிழவர் ஒரு நாளும் வரிசையில் நின்றதில்லை. அது பொம்பளை வேலையாம். அவர் தலைக்கு மேலே சுவரில் ஜார் சக்கரவர்த்தி மார்பு நிறையப் பதக்கங்களோடு வீற்றிருந்தார். சாப்பிட உட்காருமுன் சாமிப் படத்துக்கு ஒரு கும்பிடு, ஜாருக்கு ஒரு கும்பிடு. அப்புறம்தான் கரண்டி.

மறுநாள் காலை மில்லில் பக்கத்துத் தறிக்காரி லுகேரியா காதோரம் வந்து சொன்னாள்: "அடி உஸ்தின்யா, இன்னிக்குப் பெண்கள் தினமாம். கொண்டாடலாம் வா."

"எதை வச்சுடி கொண்டாட? வீட்டுல ஒரு துண்டு ரொட்டி இல்ல."

"அதைச் சொல்லித்தான் கொண்டாடப் போறோம்."

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் தெருவில் இறங்கினார்கள். இரும்பாலை ஜன்னல்களில் பனியை உருட்டி எறிந்து, "வெளிய வாங்கடா ஆம்பளைங்களா! அடுப்பங்கரையில மட்டும்தான் உங்க வீரமா?" என்று லுகேரியா கத்தினாள். அவர்களும் வந்தார்கள். பாலத்தடியில் ஜாரின் கொசாக் குதிரைப்படை வழிமறித்தது. எல்லாரும் சிதறி ஓடினார்கள். உஸ்தின்யா மட்டும் ஓடவில்லை. வீரமெல்லாம் ஒன்றுமில்லை, ஓடக் காலில் தெம்பில்லை. ஒருவன் சவுக்கை ஓங்கினான்.

"அடிக்கறதுன்னா சீக்கிரம் அடிச்சிடு தம்பி. என்னால நிக்க முடியல" என்றாள்.

ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. குதிரையைச் சற்றே ஒதுக்கி அவளுக்கு வழி விட்டான். ஓங்குகிற கை எல்லாம் அடிக்கத்தான் வேண்டும் என்றில்லை போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே அவள் நடந்தாள்.

எல்லாக் கையும் அப்படி நிற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய வீதியில் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டார்கள். லுகேரியா பனியில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. மறுநாள் சுட்ட சிப்பாய்களே துப்பாக்கியோடு ஜனங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஜார் முடியைத் துறந்துவிட்டார்.

செய்தி வந்த மத்தியானம் கிழவர் சட்டையில் சிவப்பு நாடா குத்திக்கொண்டு உள்ளே வந்தார். அத்தனை நாளும் கணப்படுப்பை விட்டு நகராத மனுஷர்.

"சாய்ச்சுட்டோம்ல! முந்நூறு வருஷத்து மரம்! வேரோட சாய்ச்சுட்டோம்!"

உஸ்தின்யா லுகேரியாவை நினைத்துக்கொண்டாள். சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். கிழவர் ஜார் படத்தைக் கழற்றிச் சட்டத்தோடு அடுப்பில் போட்டார். வெறும் ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டியைக் கிளறி, பட்டாளத்தில் இருந்தபோது மீசையும் பதக்கமுமாக எடுத்த தன் படத்தை அதில் மாட்டினார்.

"நல்ல ஆணி. எதுக்கு வீணாக் கிடக்கணும்?"

ஃபேன்யாவுக்குப் பசி தாங்கவில்லை. கரண்டியைச் சட்டியில் விட்டுவிட்டாள். கிழவரின் கரண்டி மேலே போனது.

உஸ்தின்யா மகளின் நெற்றி மேல் தன் கையை வைத்து மறைத்தாள்.

"கைய எடு! ஜார் போயிட்டா வீட்டுல பெரியவன் இல்லைன்னு ஆயிடுமா?"

"அடிங்க மாமா" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "ஆனா நாளையிலேர்ந்து ரொட்டி வரிசையில நீங்கதான் நிக்கணும். நான் போகமாட்டேன்."

கிழவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கரண்டி அந்தரத்திலேயே நின்றது. இப்படி நின்ற ஒரு கையை உஸ்தின்யா ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

தன் கரண்டியை எடுத்துச் சட்டி விளிம்பில் அவளே தட்டினாள். டொக்.

"இறைச்சிய எடுத்துக்க கண்ணு."

பிள்ளை எடுத்துக்கொண்டது. அடுத்து உஸ்தின்யா ஒரு வாய் குடித்தாள். சூப் ஆறிப்போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கிழவரும் கரண்டியை இறக்கி, மூன்றாவது ஆளாகச் சட்டியில் விட்டார்.