பேகம் சொன்ன ராணிகள்

"கதவத் தொறந்தது தங்கச்சி இல்லீங்க" என்று பேகம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே சொன்னதும், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் கை சோற்றிலேயே நின்றது. முதல் நாள் இரவு டிவியில் வந்த ராணிக் கதையை மறுநாள் மதியம் சொல்வது பேகத்தின் பொறுப்பு. செல்போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் பனியன் கம்பெனி அது. ஓவர்டைம் முடிந்து வீடு போய்ச் சேர்வதற்குள் நாடகமும் முடிந்துவிடும். எரிமலை நாட்டை ஆளும் அக்கா தங்கை, வாளெடுத்து நிற்கும் பெண்படை, நெருப்புக் கக்கும் கழுகு, எல்லாமே ஓவர்டைம் இல்லாத செக்கிங் டேபிள் பேகத்தின் வாய்வழியாகத்தான் அவர்களிடம் வந்து சேர்ந்தன.

"அப்பறம் எதிரி எப்படிங்க்கா கோட்டைக்குள்ள வந்தான்?"

"அதத்தான் இன்னும் காட்டல. பழி மட்டும் தங்கச்சி மேல விழுந்துருச்சு. அவ வாயே தொறக்கலீங்க."

"ராத்திரியெல்லாம் மதில் மேலயே நிக்கிறாளுக. ராணிக்கும் ஓவர்டைம்தானாட்ட இருக்குது" என்றாள் சுப்பாத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பூங்குழலி சிரிக்கவில்லை. வரிசையின் மறுகோடியில் இருந்த அவள் தங்கை சுபஸ்ரீயும் சிரிக்கவில்லை.

இருவரும் பொங்கலூரிலிருந்து வந்து ஒரே அறையில் குடியிருந்து, பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்தவர்கள். போன மாதம் பூங்குழலியின் மெஷினில் ஊசி உடைந்தது. உடைந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து ஒப்படைத்தால்தான் புது ஊசி தருவார்கள். அதுவரை அந்தத் தையல் வரிசை முழுதும் நிற்க வேண்டும். நுனித் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. அன்று அவசர ஆர்டர். பூங்குழலி தாலிக்கயிற்றில் குத்தி வைத்திருந்த உபரி ஊசியை எடுத்து மாட்டித் தைக்கத் தொடங்கினாள். பக்கத்து மெஷினில் இருந்தவள் சுபஸ்ரீ மட்டும்தான். மறுநாள் காலை, பீஸ்கள் செக்கிங்குக்குப் போகும் முன்பே, சூப்பர்வைசர் அருள்செல்வன் ஊசித் துண்டு தேடும் காந்தத்தோடு நேராக அவளிடம் வந்து நின்றான். கைக்குழந்தைச் சட்டை ஒன்றின் கழுத்துத் தையலில் நுனி இருந்தது. டைலராக இருந்த பூங்குழலியை நூல் பிசிறு வெட்டும் கீழ் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"போட்டுக் குடுத்தவகூட ஒரே ஊட்டுல இருக்க மாட்டேன்" என்று அன்றிரவு சொன்னாள் பூங்குழலி. சுபஸ்ரீ ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவிநாசிப் பக்கம் ஹாஸ்டலோடு வேறு வேலை பார்த்துக்கொண்டாள். வரும் செவ்வாய்க்கிழமை காலை கிளம்புகிறாள். பூங்குழலி கைப்பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன பிள்ளை அது.

சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நின்று பூங்குழலி முதன்முறையாக அந்த நாடகத்தைப் பார்த்தாள். தங்கை சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துவிட்டவள் அவள்தான். போன வாரமே காட்டிவிட்டார்களாம். அக்கா சிறையில் கிடந்தாள். அன்றிரவு பூங்குழலிக்குத் தூக்கம் வரவில்லை. பேகம் ஏன் கதையை மாற்றுகிறாள்? யாருக்காக? யார் சொல்லிக் கொடுத்து?

திங்கட்கிழமை மதியம் கைகழுவும் குழாயடியில் பேகத்தை மறித்தாள்.

"என்னைய வெச்சு வெளையாடறீங்களாக்கா? தங்கச்சிதான் கதவத் தொறந்தா. பாத்துட்டேன்."

பேகம் குழாயை மூடினாள். "ஆமா கண்ணு. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

"ஏனுங்க?"

"அருள்செல்வன்கிட்ட சொன்னதும் நாந்தான். தண்ணி குடிக்க வந்தப்ப நீ ஊசி மாத்தறதப் பாத்தேன். உங்கிட்டச் சொல்லத் தைரியம் வரல. அல்லா மன்னிக்கட்டும்."

பூங்குழலி அவள் முகத்தையே பார்த்தாள். ஊசி உடைந்த அன்றைக்குப் பேகம் வேலைக்கு வந்திருந்தாளா? நாத்தனார் வீட்டு விசேஷம் என்று சேவூர் போனது அந்த நாளா, அதற்கடுத்த வாரமா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஒரு கதையை மாற்றத் தெரிந்தவள் இன்னொன்றையும் மாற்றுவாள்.

"மெய்யாலுமே நீங்கதானா?"

"யாராச்சும் இருந்துட்டுப் போறாங்க கண்ணு. அந்தச் சட்டையப் போடப்போறது ஒரு பச்சப்புள்ளதான?"

இத்தனை நாளும் யார் சொன்னது என்றுதான் பூங்குழலி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கழுத்துத் தையலை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. கடவுள் நம் கண்ணைத் திறக்கப் பெரிய ஆட்களை அனுப்புவதில்லை. கூட வேலை பார்ப்பவளை வைத்தே திறந்துவிடுகிறார்.

உள்ளே பெண்கள் காத்திருந்தார்கள். "ஏனுங்க பேகம்க்கா, எதிரி எப்படி வந்தானுங்க?"

"இன்னைக்கிப் பூங்குழலியக் கேளுங்க. அவளும் பாத்தாளாமா."

"அடி அம்மிணி, நீயும் ராணி கட்சியில சேந்துட்டயா? சொல்லு, சொல்லு" என்றாள் சுப்பாத்தாள்.

பூங்குழலி டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"கதவ யாரும் தொறக்கலீங்க" என்றாள். "அக்காக்காரிதான் தாழ் போடாம விட்டுட்டா. அவசரம். அப்பறம் தங்கச்சி மேல பழியப் போட்டுட்டா."

"அட பாவத்த! தங்கச்சி என்ன பண்ணுனா?"

"அது தெரியலீங்க. இனித்தான்."

பேகம் தலையைக் குனிந்துகொண்டாள். மறுகோடியில் சுபஸ்ரீ பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்தாள். ஃபேன் காற்றில் எங்கிருந்தோ வந்த பனியன் பஞ்சு ஒன்று அவள் உச்சி வகிட்டில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கப் பூங்குழலியின் கை தானாக உயர்ந்தது. நடுவில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.