மூன்று பார்த்தாச்சு

மலையில் சிக்கியவர்களை மீட்கும் எங்கள் தன்னார்வக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்ட்ரெச்சரைப் பாறை விளிம்புக்குக் கீழே இறக்குவதற்கு முன், மூன்று பேர் தனித்தனியாகப் போய், கயிறுகள் மாட்டியிருக்கும் இடங்களைத் தொட்டுப் பார்த்து, "பார்த்தாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தோம். பிறகு வெயில், முட்டிவலி, அவசரம். இப்போதெல்லாம் முதல் ஆள் சொன்னதும் மற்ற இருவரும் நின்ற இடத்திலிருந்தே பின்பாட்டுப் பாடிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீரர்கள்.

அன்றைக்கு எங்கள் பயிற்சியைப் பார்க்க நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் சரி என்றால், நிஜ விபத்துகளுக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள். எங்கள் தலைவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். காலையிலிருந்து அவர்கள் பின்னாலேயே குழைந்துகொண்டு திரிந்தார். மணல் மூட்டையை இறக்கிக் காட்டினால் எடுபடாது, உயிருள்ள ஆள்தான் வேண்டும் என்று அவர் சொன்னதால் என் அக்காவைக் கூட்டிவந்திருந்தேன். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே கால் நடுங்குகிறவள். நான் நச்சரித்ததற்காக மட்டும், இரண்டு பிள்ளைகளையும் அத்தானிடம் விட்டுவிட்டு வந்தாள்.

கயிறுகள் இரண்டு. பாரம் தாங்கும் கயிறு தலைவரிடம். அது அறுந்தால் பிடித்துக்கொள்ள இன்னொன்று, எங்கள் குழுவிலிருக்கும் பேக்கரிக்காரரிடம். விருந்தாளிகள் வசதியாக நிற்க வேண்டுமாம், கடைசி நிமிடத்தில் பேக்கரிக்காரரைத் தள்ளி உட்காரச் சொன்னார் தலைவர். அவர் தன் கயிற்றின் கொக்கியைப் பாறையில் அடித்திருந்த வளையத்திலிருந்து கழற்றிக்கொண்டு, அடுத்த வளையத்தின் பக்கம் நகர்ந்தார். தலைவர் "பார்த்தாச்சு" என்றார். பேக்கரிக்காரரும் சொன்னார். அக்காவின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே நானும் சொன்னேன்.

அவள் பாதி தூரம் இறங்கியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். பேக்கரிக்காரரின் முதுகுக்குப் பின்னால் கொக்கி பாறைமேல் சும்மா கிடந்தது. ஒரு சாண் தள்ளி வளையம் காலியாக இருந்தது. பாரக் கயிறு அறுந்தால் அக்காவோடு அவரும் போய்ச் சேருவார்.

தலைவரின் காதில் சொன்னேன். அவர் உதடு அசையாமல் பதில் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம்தான். சும்மா இரு, அவங்க பாக்கறாங்க."

அந்த ஆளின் மூஞ்சியில் காறித் துப்பலாம்போல இருந்தது. "நிறுத்துங்க" என்று கத்தினேன். ஓடிப்போய்க் கொக்கியை மாட்டினேன். அக்கா அந்தரத்தில் தொங்கினாள். எல்லோரும் சேர்ந்து அவளை மேலே இழுத்தோம்.

விருந்தாளிகள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். தலைவர் நாக்குக் கூசாமல் சொன்னார், அது வேண்டுமென்றே விட்ட தப்பாம், எங்கள் ஆட்களின் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சியாம். அவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் நோட்டில் என்னைப் பாராட்டி ஏதோ எழுதிக்கொண்டார். பேக்கரிக்காரர் தரையைப் பார்த்துப் பல்லிளித்தார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அக்கா என் கையைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது. "வேணும்னேதான் விட்டீங்களாடி?"

பின்னால் தலைவர் கனைத்தார்.

"ஆமாக்கா."

"அதானே. நீ பாக்காம என்னை அனுப்புவியா."

என்மேலேயே எனக்கு அருவருப்பு பொங்கியது. அந்த ஆளாவது யாரோ வெளியாட்களிடம் பொய் சொன்னார். நான் சொந்த அக்காவிடமே பொய் சொல்லிவிட்டேன்.

"இல்லக்கா. நான் பாக்கவே இல்ல. சும்மா வாயால சொன்னேன்."

நகராட்சிக்காரரின் பேனா நின்றது. தலைவர் அசட்டுச் சிரிப்போடு ஏதோ சமாளிக்க ஆரம்பித்தார், யாரும் கேட்கவில்லை. அக்கா என்னையே பார்த்தாள். பிறகு கையை விட்டாள். நான் அவளைக் கட்டியிருந்த பட்டைகளை அவிழ்க்கக் குனிந்தேன்.

"கைய எடு. நானே அவுத்துக்கறேன்."

எதை அழுத்தினால் எது கழலும் என்று அவளுக்குத் தெரியாது. ஐந்து பட்டைகளையும் அவிழ்க்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.